ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நின்றுகொண்டு சொல்வது

ராமநாதபுரம் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது திருவிழாதான். கொடிமரம், சப்பரம், வாணவேடிக்கை, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், கடலைப் பார்த்து நிற்கும் மாதா கெபி. என்னிடம் அவர்கள் கேட்கிற கேள்வியும் அங்கிருந்துதான் கிளம்பும்: "உங்கள் ஊரில் அந்தோணியார் கோயிலா, சந்தியாகப்பர் கோயிலா?" சந்தியாகப்பர் என்றால் திருத்தூதர் யாக்கோபு. உங்கள் குலசாமி எது என்று விசாரிக்கிற அதே அன்போடுதான் கேட்கிறார்கள். கோயில் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு மனம் வருவதில்லை. நாங்கள் எதை நம்பி வாழ்கிறோம் என்பதற்கான பதில் சப்பரத்தின் மேல் இல்லை.

ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காத ஒரு செபத்தைச் சேர்ந்து சொல்கிறோம். எங்கள் பாட்டிமார் அதை விசுவாசப் பிரமாணம் என்றார்கள். இப்போதைய புத்தகங்களில் நம்பிக்கை அறிக்கை என்று இருக்கிறது. சபையின் அடிப்படை நம்பிக்கைகள் அத்தனையும் அதற்குள் அடக்கம். எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஊர்க்கோயில் சபையில், மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைப்பது என் வேலை. முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகும் எட்டு வயதுப் பிள்ளை வாய்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்துவிடும். பெரியவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கூட்டத்தோடு நின்று கவனித்துக் கேட்டால், சில வரிகள் வரும்போது எங்கள் ஊர்க்குரல் மாறுவது தெரியும். வேறு ஊரில் சும்மா கடந்துபோகிற வரி இங்கே தொண்டையில் நிற்கும். அந்த வரிகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் இந்தச் செபம் எங்கள் கரைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1535-லிருந்து 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டிய சண்டையில் அவர்களுக்குப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதே அதற்குப் பெரிய காரணம். இதை மூடிமறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. உயிர் பிழைக்க ஓடிவந்தவர்களைக் கடவுள் வாசலில் நிறுத்திக் காரணம் கேட்பதில்லை. ஆனால் தலையில் தண்ணீர் ஊற்றியதோடு சரி. எதை நம்ப வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. 1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது நிலைமை அதுதான்.

அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும், பரலோக மந்திரத்தையும், பத்துக் கட்டளைகளையும் தமிழில் எழுதி வாங்கினார். தானும் நெட்டுருப் போட்டுக்கொண்டார். கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தன் முறையை அவரே விவரிக்கிறார். ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டிப் பிரமாணத்தைப் பகுதி பகுதியாகச் சொல்வார். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும், இதை உறுதியாக நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் இரு கைகளையும் மார்பின்மேல் சிலுவையாக வைத்துக்கொண்டு உரத்த குரலில் நம்புகிறோம் என்பார்கள். மற்றச் செபங்களைவிட இதைத்தான் அதிகமுறை சொல்ல வைத்தாராம். இந்தப் பன்னிரண்டு பகுதிகளை நம்புகிறவனே கிறிஸ்தவன் என்று அவர்களுக்குச் சொன்னதாகவும் எழுதுகிறார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர்களில் விசுவாசம் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்கு இறங்கி வந்ததாக நினைக்கிறோம். தொடக்கத்தில் அது பிள்ளைகளிடமிருந்து மேலே ஏறியிருக்கிறது. என் வகுப்பில் ஆள் குறையும்போதெல்லாம் எனக்குத் தெம்பு தருவது இந்தச் செய்திதான்.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவர் தமிழாக்கிய சிறு மறைக்கல்வி நூல் 1578-ல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சேறி நம் கைக்குக் கிடைத்திருக்கும் முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' அதுவே. மொத்தம் பதினாறு பக்கம். நான் சாக்பீஸ் பிடித்து நடத்துகிற அதே பாடம்தான் அதிலும். தமிழ் அச்சுத்தொழில் மறைக்கல்வி வகுப்பில் தொடங்கியது என்று பிள்ளைகளிடம் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனி வரிகளுக்கு வருகிறேன்.

விண்ணையும் மண்ணையும் படைத்த எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறேன் என்பது முதல் வரி. கடலும் அந்தப் படைப்பில் ஒன்று. எங்கள் பெண்கள் கடலைத் தாய் என்பார்கள். கோபம் வந்தால் மண்ணை வாரித் தூற்றி ஏசவும் செய்வார்கள். கும்பிட மாட்டார்கள். என் அம்மா பாசி எடுத்தவர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. பாறையில் ஒட்டியிருப்பதைப் பிடுங்கும்போது தோல் கிழியாமலிருக்கப் பழைய சேலையைக் கீறி விரல் விரலாகச் சுற்றி, பல்லால் நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவார். பெருவிரலுக்கு மட்டும் இரண்டு சுற்று. கண்ணாடியை மாட்டி, பையை இடுப்பில் கட்டி, தண்ணீரில் இறங்குவதற்கு முன் குனிந்து கடல்நீரைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துப் போடுகிறாரே, அதே சிலுவை. அம்மாவுக்கு வேதசாஸ்திரம் எதுவும் தெரியாது. படைத்தவர் வேறு, படைக்கப்பட்டது வேறு; படைக்கப்பட்டதன் வழியாகவே படைத்தவரைத் தொடலாம் என்பது மட்டும் அந்தத் துணி சுற்றிய விரல்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் வரிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தத் தியானப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

அடுத்து, பிலாத்து. இயேசுவைத் தவிர இரண்டு மனிதர்களின் பெயர்தான் பிரமாணத்தில் வருகிறது. ஒன்று அவரைப் பெற்ற மரியா. மற்றொன்று அவரைச் சாவுக்குக் கையளித்த ரோமை ஆளுநர். பேதுரு இல்லை, பவுல் இல்லை. பொந்தியு பிலாத்து இருக்கிறார். "கெட்டவர் பேரை எதற்கு டீச்சர் வாராவாரம் சொல்கிறோம்?" என்று ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். நான் சொல்லும் பதில் இது: கடவுளின் மகன் பாடுபட்டது எங்கோ ஒரு காலத்தில், எங்கோ ஒரு நாட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இல்லை. இன்ன ஆளுநர், இன்ன தீர்ப்பு, இன்ன ஊர் என்று சொல்லக்கூடிய இடத்தில் நடந்தது. கடவுள் வந்து நின்றது அதிகாரியின் நாற்காலிப் பக்கம் அல்ல, கூண்டுப் பக்கம்.

எங்கள் கரையில் இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்களின் பெயர்ப் பட்டியல் எப்போது வரும் என்று ஜெட்டியில் கால்கடுக்க நின்ற வீடுகள் இங்கே ஏராளம். மன்னார் நீதிமன்றம், ஊர்காவல்துறை நீதிமன்றம், காவல் நீட்டிப்பு, படகு நாட்டுடைமை என்ற சொற்களைப் பத்து வயதுப் பிள்ளைகள் பிழையில்லாமல் சொல்வார்கள். கரையோரத்து 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், பாட்டன் காலத்திலிருந்து அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிய தீவில் கால் வைக்கப் பாசிப் பெண்கள் அஞ்சுகிறார்கள். பவளப்பாறையைக் காப்பது நல்ல காரியம். நானும் பாடத்தில் அதைச் சொல்கிறேன். ஆனால் பறித்த பாசியைக் கொட்டச் சொல்லி ஒரு பெண்ணைக் கரையில் நிறுத்திவைக்கும்போது, அவள் ஞாயிறன்று சொல்லும் 'பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு' என்ற வரி அவளுக்கு வெறும் சரித்திரம் இல்லை.

ஓரியூருக்குப் போகும்போதும் எனக்கு இதே வரிதான் வரும். லிஸ்பனில் பிறந்து, அருளானந்தர் என்று பெயர் பூண்டு, காவி உடுத்தி, மரக்கறி உண்டு நம் மறவர் சீமையில் திரிந்த பிரிட்டோ அடிகளார், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கே தலை வெட்டப்பட்டார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதில் கிளம்பிய பகை அது. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். ராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலகம் வரும் என்று எண்ணிய கிழவன் சேதுபதி, அவரை ஓரியூருக்குத் தன் தம்பியிடம் அனுப்பிவைத்தார். தன் கையில் கறை படாமல் காரியம் முடிய வேண்டும் என்பது எல்லா ஆளுநர்களுக்கும் உள்ள ஆசைதான். அங்குள்ள செம்மண்ணை மக்கள் இன்றும் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், ஓரியூரில் வேண்டுதல் வைக்கிறவர்கள் அந்த விலக்கப்பட்ட பெண்களுக்காகவும் ஒரு செபம் சொல்ல வேண்டும். அவர்கள் எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று நம் பிரசங்கங்களில் ஒருவரும் பேசுவதில்லை.

வேதாளையையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்குப் போகிற வழியில் பஸ் அந்த ஊரைத் தாண்டும்போது பலருக்கும் தெரியாது, இயேசு சபையின் முதல் ரத்தசாட்சி விழுந்த மண் அது என்று. இத்தாலியரான அந்தோணி கிரிமினாலி அடிகளார் 1549-ல் அங்கே ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் போர்ச்சுகீசியர் சுங்கம் வாங்கியதே அன்று அந்த ஊர்மேல் படையெடுப்பை வரவழைத்தது. ஆக, தவறு எங்கள் பக்கத்துத் துப்பாக்கிகளிடமும் இருந்தது. அவர் தப்பியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் தோணியில் ஏற்றிவிடும்வரை கரையை விட்டு நகரவில்லை. இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை.

இயேசு இறந்தபின் பாதாளத்தில் இறங்கினார் என்ற வரியை மற்ற ஊர்களில் எப்படி நடத்துவார்களோ, எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் சங்கு குளித்த ஒரு பெரியவர். காது இரண்டும் அவருக்கு மந்தம்; ஆழத்தில் முங்கி முங்கிப் போனது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அந்த வரிக்கு என்ன பொருள் என்று பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: "கரையில் நின்று கயிற்றை விடுகிறவன் எவனையும் தூக்க முடியாது. கீழே கிடக்கிறவனைத் தூக்க வேண்டுமென்றால் இறங்கத்தான் வேண்டும்." பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு விழாவான பாஸ்காவுக்கும் நடுவில் உள்ள அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன் என்பது இன்னொரு வரி. தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்விக்கு இங்கேதான் பதில். ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களிடம் நாங்கள் கேட்பது பரிந்துரையை. செத்துப்போனவர்கள் முடிந்துபோனவர்கள் அல்ல, கடவுளிடத்தில் உயிரோடு இருப்பவர்கள், ஒரே குடும்பத்தின் மறுபாதி அவர்கள் என்பதுதான் நம்பிக்கை. பக்கத்து வீட்டு அக்காவிடம் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியுமானால், பதுவைப்பதியில் இறந்த அந்தோணியாரிடமும் கேட்கலாம். பயிற்சியில்லாத மனம் சில நேரம் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. புனிதர் கோபித்துக்கொள்வார், நேர்ச்சை தவறினால் வலையைக் காலியாக்கிவிடுவார் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது எங்கள் விசுவாசம் அல்ல. வகுப்பில் நான் அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25. இந்து, முஸ்லிம் குடும்பங்களும் நேர்ச்சையோடு வருகிற திருவிழா. மூக்கையூரிலும் சந்தியாகப்பர்தான். இந்தக் கரையில் அவர் குதிரைமேல் வாளோடு வருகிறார். அது ஸ்பெயின் தேசத்தார் போர்க்காலத்தில் அவருக்குக் கொடுத்த கோலம். மாற்குவின் நற்செய்தியில் அவர் செபதேயுவின் மகன். படகில் உட்கார்ந்து அப்பாவோடும் தம்பியோடும் வலை சீர்ப்படுத்திக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டவர். வாள் அவர் கையில் இருந்ததில்லை. ஏரோது அரசனின் வாளுக்கு அவர்தான் இரையானார். வலைகட்டும் கிழவர்கள் மரநிழலில் ஊசியும் கையுமாக இருக்கிற ஊர்களில் அவரை அந்தக் கோலத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. குதிரையை எடுக்கச் சொன்னால் ஊர் என்னைச் சும்மா விடாது. ஆனாலும் சப்பரத்தில் ஒரு வலையாவது தொங்கவிடலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

திருச்சபையை நம்புகிறேன் என்ற வரியை மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். அதன் சண்டைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. என் சொந்தத்திலேயே பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சுரூபம், செபமாலை, கொடி எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் விவாதம் வராமல் போகாது. சி.எஸ்.ஐ. கோயிலில் இதே பிரமாணத்தைச் சொல்கிறார்கள். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுக்கப்பட்ட திருமுழுக்கை எங்கள் சபை திரும்பக் கொடுப்பதில்லை. ஒரு முறைதான், அது போதும். 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறுதியிட்டதை இந்த எல்லாச் சபைகளும் ஏற்கின்றன. மகன் கடவுளுக்குக் கொஞ்சம் கீழே என்றால், சிலுவையில் தொங்கியது கடவுள் அனுப்பிய ஆள் மட்டும்தான். கடவுள் தானே வரவில்லை என்றாகிவிடும். அந்தச் சங்கு குளித்த பெரியவர் சொன்னதற்கும் நிசேயாவுக்கும் தூரமில்லை.

பாவ மன்னிப்பை நம்புகிறேன். இந்த வரியைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு இடிக்கிறது. காரணம் கச்சத்தீவு.

1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனாலும், நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணம் இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று எழுதப்பட்டது. போர்க்காலத்தில் நின்றிருந்த போக்குவரத்து மறுபடி தொடங்கியபின், ஆண்டுதோறும் உயிர்ப்பு விழாவுக்கு முந்திய தபசு காலத்தில், அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு, ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கின் ஏற்பாட்டில் நம் பக்கத்துப் படகுகள் போகின்றன. வெள்ளிக்கிழமை மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர். சனிக்கிழமை காலை பூசை. மனிதர் குடியில்லாத, நல்ல தண்ணீர் இல்லாத தீவு. நானும் போயிருக்கிறேன். சிலுவைப்பாதையில் எனக்குப் பக்கத்தில் முழந்தாளிட்ட பெண் இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையிலிருந்து வந்திருந்தார். அவர் வாயிலும் என் வாயிலும் ஒரே செபம். பிறகு பேசிக்கொண்டிருந்தபோது, தன் கணவர் கடன் வாங்கிப் போட்ட வலையை நம் பக்கத்து இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போனதைச் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "உங்களைக் குறை சொல்லவில்லை அக்கா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

முப்பது ஆண்டுப் போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள் அவர்கள். போர் முடிந்து வலையைத் தொட்டபோது, கடலடியை வாரிக்கொண்டு போகும் நம் இழுவை மடிகளைக் கண்டார்கள். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. கைதுகள் கொடுமையானவை, துப்பாக்கிச் சூட்டில் நம் பிள்ளைகள் இறந்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. 2024-ல் கைதுகளைக் கண்டித்து ராமேஸ்வரத்து மீனவர்கள் கச்சத்தீவுத் திருவிழாவுக்கே போகாமல் இருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. டீசல் கடன், வட்டி, படகு முதலாளிக்கும் வங்கிக்கும் நடுவில் நெரிபடும் கூலி மீனவன், ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் அடுப்பெரியாத வீடு. எல்லாம் எனக்குத் தெரியும். அவ்வளவும் தெரிந்தும் சொல்கிறேன்: ஏழை சகோதரனின் வலையை அறுப்பது பாவம். எங்கள் சபையின் படிப்பினைப்படி, அடுத்தவன் பொருளுக்குச் செய்த சேதம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லிவிட்டால் மட்டும் தீராது; ஈடு செய்ய வேண்டும். வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றபிறகே, இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்றார் ஆண்டவர். நம் கோயில்களில் கைதானவர்களுக்காக மன்றாட்டு வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். வலை இழந்த பேசாலைக்காரர்களுக்காக ஒரு ஞாயிறாவது, ஒரு காணிக்கைத் தட்டாவது நம் பக்கத்தில் சுற்றியிருக்கிறதா? இரு கரையும் ஒரே பிரமாணத்தைச் சொல்கின்றன. மன்னிப்பை நம்புவதாகச் சொல்லும் வாய்க்கு, மன்னிப்புக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிக்கு முந்திய வரி: உடலின் உயிர்ப்பை நம்புகிறேன். ஆன்மா அழியாது என்று பல சமயங்கள் சொல்கின்றன. நாங்கள் சொல்வது அதைவிட முரட்டுத்தனமானது. இந்த உடல், இந்தக் கை கால், திரும்ப எழும் என்கிறோம். உயிர்த்த ஆண்டவர் ஆவி அல்ல என்று காட்டச் சுட்ட மீனை வாங்கி எல்லோர் முன்னிலையிலும் உண்டார் என்கிறார் லூக்கா.

என் பெரியப்பா வாடைக்காலத்தில் வள்ளத்தில் போனார். வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. கூடப் போன இருவரின் உடல் கரை ஒதுங்கியது. அவர் வரவே இல்லை. உடல் கிடைத்த வீடுகளில் அழுது, அடக்கம் பண்ணி, ஏழாம் நாள் பூசை வைத்தார்கள். பெரியம்மா எதைச் செய்வார்? தாலியைக் கழற்றுவதா கூடாதா என்று சொந்தம் இரண்டாகப் பிரிந்து பேசியது. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராக எடுத்துக்கொள்கிறது. அதுவரை அவர் கைம்பெண்ணும் இல்லை, கட்டுக்கழுத்தியும் இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறையைச் சுண்ணாம்படித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றும்போது அவர் மாத்திரம் தோட்டத்தின் மதிலோரம் திரியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கே ஊன்றுவது?

ஒரு நாள் அவர் பங்குப் பேரவைக்கு முன்னால் வந்து நின்றார். உடல் இல்லாவிட்டாலும் பெயர் எழுதி ஒரு சிலுவை நட இடம் வேண்டும் என்றார். கல்லறைத் தோட்டத்தில் அடக்கத்துக்கே இடமில்லை, காலிக் குழிக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று சிலர் மறுத்தார்கள். அப்படிக் கேட்கக்கூடிய வீடுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கியபோதுதான் பேச்சு அடங்கியது. கடலில் போய்த் திரும்பாத எல்லோர் பெயரையும் எழுதி ஒரே கல்லாக நடலாம் என்று முடிவானது. பெரியம்மா அதற்கு ஒத்துக்கொண்டார். ஆனால் 'நினைவாக' என்று கல்லில் போடக்கூடாது என்றார். "நினைவுக்கு எனக்குக் கல் வேண்டாம். அவர் எழும்பும்போது அடையாளம் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்." திருவெளிப்பாட்டு நூலின் இருபதாம் அதிகாரத்தில் கடல் தன்னிடம் இருந்த இறந்தோரை ஒப்படைத்தது என்று வருகிறது. அந்த வசன எண்ணை மட்டும் கல்லில் வெட்டினார்கள். பிரமாணத்தில் அந்த வரி வரும்போது பெரியம்மா மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு, சத்தமாகச் சொல்வார். அவருக்குப் பக்கத்தில் நின்று அதை முணுமுணுக்க எனக்கு இப்போது முடிவதில்லை.

உறுதிப்பூசுதல் வகுப்பில் இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு, அப்படியே அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்துக்கும் போனேன். புதிய விண்ணகம், புதிய மண்ணகம்; கடலும் இல்லாமற்போயிற்று. நாட்டுப்படகுக்காரர் மகன் ஒருவன் எழுந்தான். "கடல் இல்லையென்றால் நான் வரவில்லை டீச்சர்" என்றான். வகுப்பே அவன் பக்கம் சாய்ந்தது. யோவான் இதைப் பத்மு தீவில் கைதியாக இருந்து எழுதினார், தன் சபை மக்களிடமிருந்து அவரைப் பிரித்து வைத்தது கடல்தான், யூதர்களுக்குக் கடல் என்றால் அச்சமும் அழிவும் என்று விளக்கினேன். இனிப் பிரிவும் சாவும் இருக்காது என்பதே பொருள் என்றேன். அவன் உட்காரவில்லை. "அப்படியானால் உயிர்த்த பிறகு இயேசு எதற்கு டீச்சர் கடற்கரைக்கு வந்து, கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டார்?" என்றான். அதுவும் யோவான் எழுதியதுதான். நூற்று ஐம்பத்து மூன்று மீன் என்று எண்ணிக்கைகூட எழுதி வைத்திருக்கிறார்.

பங்குத்தந்தையைக் கூப்பிட்டு வந்தேன். சாமியார் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு அதிகாரங்களையும் மறுபடி வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு நடத்த வேண்டிய தூய ஆவியாரின் ஏழு கொடைகள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயின.